"எங்கிட்ட யாரும் கேக்கல": கீழக்கரையில் ஒரு கல்யாண நாள்

போன வாரம் எபிசோட் வரல, நிறைய பேர் என்னாச்சுன்னு கேட்டிருந்தீங்க. எங்களோட நாலாவது கல்யாண நாள். ரெண்டரை வயசுப் பொண்ணை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு, நானும் என் மனைவியும் மட்டும் ரெண்டு நாள் கீழக்கரைக்குப் போயிருந்தோம்.

"கல்யாண நாளுக்கு எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல்னு போவாங்க. நீ ராமநாதபுரம் வெயிலுக்கா போற?"ன்னு ஆபீஸ்ல சிரிச்சாங்க. போனதுக்கு ரெண்டு காரணம். என் மனைவியோட பெரியம்மா குடும்பத்துக்கு, திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் நடுவுல ஒரு மிளகாய்க் காடு இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து விருந்துக்குக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. ரெண்டாவது காரணத்தை ஆபீஸ்ல சொல்லல. எனக்கு வெளிநாட்டுல ஒரு ப்ராஜெக்ட் வந்திருந்தது. 18 மாசம். சம்பளம் மூணு மடங்கு. ஆனா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. இதை உட்கார்ந்து பேச வீட்ல அரை மணி நேரம்கூடக் கிடைக்கல. குழந்தை தூங்கினதும் நாங்களும் தூங்கிடுவோம். அதனாலதான் இந்தப் பயணம்.

அந்த முடிவு எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிற சொந்த விஷயம்னுதான் நினைச்சுட்டுப் போனேன். ஆனா இந்தக் கடற்கரை அதே கேள்வியைப் பல நூறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய தமிழ் இலக்கணத்துல, கணவன் சம்பாதிக்கிறதுக்காக மனைவியைப் பிரிஞ்சு போறதுக்குன்னு தனியா ஒரு பெயரே இருக்கு: பொருள்வயின் பிரிவு. அது சங்கக் கவிதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு விஷயம். தொல்காப்பியம் பொருளதிகாரத்துல இதை ஒட்டி ஒரு விதியும் வருது. கடல் கடந்து போற பயணம் பெண்களோடு சேர்ந்து போறது கிடையாதுன்னு அதுக்குப் பொருள் சொல்றாங்க. இன்னைய பாஷையில சொன்னா, ஃபேமிலி விசா கிடையாது. ரூல் புதுசு இல்ல.

அந்த விதி ஊராகவே மாறினா எப்படி இருக்கும்? கீழக்கரை மாதிரி இருக்கும்னு எனக்குத் தோணுச்சு.

சேது எக்ஸ்பிரஸ்ல ராமநாதபுரத்துல இறங்கி, அங்கேர்ந்து தெற்கே அரை மணி நேரம் பஸ். மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிற மரைக்காயர்களோட வணிக ஊர். முத்து, சங்கு, அரிசி, மிளகுன்னு கப்பல்ல ஏத்தி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அனுப்பின ஊர். இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர் வள்ளல் சீதக்காதி. ஷேக் அப்துல் காதிர் மரைக்காயர்தான் அவரோட இயற்பெயர். 17ஆம் நூற்றாண்டுக்காரர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், சீறாப்புராணம் பாடின உமறுப்புலவரை ஆதரிச்சவர். ஜும்மா பள்ளிக்கு நாங்க காலையிலேயே போனோம். முழுக்க கல் கட்டடம். தூண்களைப் பார்த்தா நம்ம ஊர்க் கோயில் மண்டபத் தூண் மாதிரியே இருக்கு. சீதக்காதியோட அடக்கத்தலமும் அங்கேதான்.

ஆனா என் மனைவி கவனிச்சது பள்ளியை விட வீடுகளைத்தான். குறுகலான சந்து, ரெண்டு பக்கமும் உயரமான சுவர், உள்ளே பெரிய பெரிய வீடு. "இவ்ளோ பெரிய வீட்ல யார் இருப்பாங்க?"ன்னு கேட்டா. சரியான கேள்வி. கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி மரைக்காயர் ஊர்கள்ல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனா பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போக மாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். வீடு பொண்ணோட பேர்ல இருக்கும்.

கொஞ்சம் யோசிச்சா இதுல ஒரு கணக்கு இருக்கு. பாய்மரக் கப்பல் காலத்துல பருவக்காற்று திசை மாறினாத்தான் திரும்பி வர முடியும். போன மனுஷன் வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகும், சில சமயம் வருஷம்கூட ஆகும். அவ்வளவு நாள் ஒரு பொண்ணு முன்பின் பழக்கமில்லாத வீட்ல இருக்கிறதை விட, தன்னோட அம்மாகூட, அக்கா தங்கச்சிகூட இருக்கிறது எவ்வளவோ மேல். குழந்தையைப் பார்த்துக்க ஆள் இருக்கு, வரவு செலவைப் பார்க்க ஆள் இருக்கு. கப்பல் போனது காற்றால. ஆனா கப்பல்காரன் நிம்மதியா போக முடிஞ்சது இந்த வீட்டால. எங்க ரெண்டு நாள் பயணமே எங்க அம்மா தோள்மேலதானே நடந்தது!

மாப்பிள்ளைன்னு சொன்னதும் ஒருத்தரை விட்டுட முடியாது. 19ஆம் நூற்றாண்டுல இந்த ஊர்ல வாழ்ந்த பெரிய அறிஞர் சையிது முகம்மது ஆலிம், 1816லேர்ந்து 1898 வரை வாழ்ந்தவர். காயல்பட்டினத்துக்காரர். கீழக்கரை தைக்கா சாஹிபோட மகளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதனால ஊர் அவரைக் கூப்பிட்ட பெயர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். அரபி எழுத்துல தமிழை எழுதுற அர்வியில நிறைய எழுதினவர். கடல் கடந்து போனவங்களுக்கும் வீட்ல இருந்த பெண்களுக்கும் நடுவுல கடிதம் போக உதவின எழுத்தும் இந்த அர்விதான்.

சந்தையில ஒரு சங்குக் கடையில கொஞ்ச நேரம் நின்னோம். கீழக்கரை ஆட்கள் தலைமுறை தலைமுறையா சங்கு குளிக்கிறவங்க. இந்தக் கடல்ல எடுக்கிற சங்கு பெரும்பாலும் வங்காளத்துக்குப் போகும். டாக்காவுல சங்காரி பஜார்னு சங்கு அறுக்கிறவங்களுக்குன்னே ஒரு தெரு உண்டு. அங்க அது வெள்ளை வளையலாகும். வங்காளத்து இந்துப் பெண்களுக்கு அதுதான் கல்யாணம் ஆனதுக்கு அடையாளம், நமக்குத் தாலி மாதிரி. யாரோ ரெண்டு பேரோட கல்யாண அடையாளத்துக்காக, இங்க ஒருத்தர் மனைவியைக் கரையில விட்டுட்டு மூச்சடக்கி மூழ்கியிருக்கார்.

மத்தியானம் காட்டுக்குப் போனோம். வாசல்ல பெரிய அத்தை நின்னுட்டிருந்தாங்க. முதல் கேள்வியே, "வாங்க மாப்ள. என்னத்தா, புள்ளைய எங்க?" குழந்தையை விட்டுட்டு வந்தோம்னு சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்களுக்கும் குற்ற உணர்ச்சி. ஏற்கனவே காலையிலேர்ந்து மூணு வீடியோ கால் போட்டிருந்தோம்.

களத்துல மிளகாய் காயப்போட்டிருந்தாங்க. ராமநாதபுரம் குண்டு மிளகாய், 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அதேதான். நீளமா இருக்காது, கோலிக்குண்டு மாதிரி உருண்டையா இருக்கும். கண்ணுக்கெட்டின தூரம் சிவப்பு. சுத்தி பனை, அதுக்கு அந்தப்பக்கம் சீமைக் கருவேலம். சாப்பாட்டுக்கு அப்புறம் தொதல் வந்தது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிண்டுற கீழக்கரை இனிப்பு. மலேசியா, இந்தோனேசியா, இலங்கை எல்லா இடத்துலயும் இது இருக்கு, பெயரும் கிட்டத்தட்ட அதேதான். போனவங்க பணத்தோட பலகாரத்தையும் கொண்டு வந்திருக்காங்க.

பெரிய மாமா கதையை எனக்கு முன்னாடி அரைகுறையாத்தான் தெரியும். 1984லேர்ந்து 2004 வரை சவூதியில எலக்ட்ரீஷியன். ஏன் சவூதிங்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு காலத்துல வெளிநாடுன்னா இலங்கைதான். 1914ல பாம்பன் பாலம் வந்ததும் சென்னையிலேர்ந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். தனுஷ்கோடி வரை ரயில், அங்கேர்ந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா ஓடி வந்துடலாம். 1948ல இலங்கை சுதந்திரம் வாங்கின கையோட குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்துச்சு. போக்குவரத்து இறுகிப்போச்சு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே அழிஞ்சது. ராமேஸ்வரத்துலேர்ந்து ஓடின கப்பலும் 80கள்ல, இலங்கைப் போரோட நின்னுடுச்சு. பக்கத்துக் கடல் மூடினப்போ தூரத்துக் கடல் திறந்தது. 1973ல எண்ணெய் விலை ஏறி, வளைகுடா முழுக்கக் கட்டட வேலை. அதே 1973ல கீழக்கரைக்காரர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் துபாயில ஈடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார். வண்டலூர் கிரசென்ட் கல்லூரியை நிறுவினதும் அவர்தான். இந்த மாவட்டத்துல ஊருக்கு ஊர், எல்லா சாதி மதத்துலயும் ஆட்கள் கிளம்பினாங்க. குறைஞ்ச சம்பள வேலைக்குப் போனவங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வழி இல்ல.

மாமாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாசம் லீவு. நான் இன்ஜினியர், உடனே மனசுல கணக்குப் போட்டுட்டேன். 26 மாசத்துல 2 மாசம். 20 வருஷத்துல சுமார் 18 மாசம். ஒரு சர்வர் எவ்வளவு நேரம் ஓடுதுங்கிறதை நாங்க அப்டைம்னு சொல்வோம். இவங்க கல்யாணத்தோட அப்டைம் 8 சதவீதத்துக்கும் குறைவு. எனக்கு வந்த ஆஃபரும் அதே 18 மாசம்தான். அவங்க 20 வருஷத்துல சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க, நான் பிரிஞ்சு இருக்கப்போற காலத்துக்குச் சமம்.

"கல்யாண நாளுக்கு எத்தனை தடவை ஊர்ல இருந்தீங்க மாமா?"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவை"ன்னார். அத்தை மிளகாயைப் புரட்டிக்கிட்டே, "ஒரு தடவை. ரெண்டாவது தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கத் திருச்சிக்குப் போயிட்டீக"ன்னாங்க. மாமா எதுவும் பேசல.

ஊர்ல போன் கிடையாது அப்போ. கேசட்தான். மாமா அங்க பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வர்ற யார்கிட்டயாவது கொடுத்து விடுவார். அத்தை இங்க பேசி, போறவங்ககிட்ட கொடுத்து விடுவாங்க. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட் இன்னும் இருக்கு. எனக்குக் கை பரபரன்னுச்சு. நான் பண்றதை முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே இவங்க பண்ணியிருக்காங்க, கேக்கிற ஆள் ஒருத்தர்தான், அவ்வளவுதான் வித்தியாசம். "அத்தை, இதை டிஜிட்டலா மாத்தித் தரேன். ஒரு எபிசோட்கூடப் போடலாம்"னு சொல்லிட்டேன்.

அத்தை டப்பாவை மூடினாங்க. "அது ஊருக்குப் பேசினது இல்ல மாப்ள."

அதுக்கு மேல நான் கேக்கல. என்ன பேசுவீங்கன்னு மட்டும் கேட்டேன். மிளகாய் என்ன விலை போச்சு, கடன் எவ்வளவு அடைஞ்சுது, மோட்டார் ரிப்பேர், பையன் மார்க்குன்னு சொன்னாங்க. இந்தக் காட்டை 20 வருஷம் நடத்தினது அவங்கதான். ஆள் பிடிச்சது, விதை வாங்கினது, வியாபாரிகிட்ட பேரம் பேசினது எல்லாம். பட்டா மட்டும் மாமா பேர்ல.

அப்போதான் ஆஃபர் விஷயத்தைச் சொன்னேன். போகாதீங்கன்னு சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். சொல்லல. "போங்க மாப்ள. அந்தக் காசுலதான் இந்த வீடு, பையன் படிப்பு எல்லாம். ஆனா இவகிட்ட கேட்டுட்டுப் போங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. விசா வந்துருச்சுன்னு சொன்னாக, அம்புட்டுத்தான்."

நான் கேட்டிருந்தேனா? யோசிச்சுப் பார்த்தா இல்ல. "இப்படி ஒரு ஆஃபர் வந்திருக்கு, என்ன பண்ணலாம்?"னுதான் சொல்லியிருந்தேன். அதுக்குள்ள எக்செல்ல சேமிப்புக் கணக்கும் போட்டு வெச்சிருந்தேன். அதுக்குப் பேர் கேக்கிறது இல்ல.

கடலோட வரலாறுன்னு நாம படிக்கிறது எல்லாம் போனவங்க வரலாறு. எந்தக் கப்பல், எந்த ராஜா, எந்தக் கம்பெனி. அதுக்கெல்லாம் பதிவு இருக்கு. வீட்ல இருந்து அதையெல்லாம் தாங்கினவங்ககிட்ட "உனக்குச் சம்மதமா?"ன்னு யாராவது கேட்டாங்களாங்கிறதுக்கு எந்த ஆவணமும் இல்ல. இருந்தா அது ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்கும். அதைத் திறக்கிற உரிமையும் நமக்குக் கிடையாது.

அன்னைக்கு சாயங்காலம் கீழக்கரை கடற்கரையில உட்கார்ந்து, மொபைலை பைக்குள்ள போட்டுட்டு, கேட்டேன். அவ ரொம்ப நேரம் யோசிச்சா. "ஆறு மாசம்னா நான் சமாளிச்சுக்குவேன், அம்மா இருக்காங்க. பதினெட்டு மாசம்னா நாங்களும் வரணும். இல்லன்னா வேண்டாம்"னா. கணக்குல ஒரு வரி மாறினதுக்கு அப்புறம் எக்செல் ஷீட்டையே தூக்கிப் போட்டுட்டேன்.

இதை அப்படியே ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். பதில் இன்னும் வரல. வேண்டாம்னு போனாலும் பரவாயில்ல.

கிளம்பும்போது அத்தை ஒரு பொட்டலம் தொதல் கொடுத்து, "அடுத்த தடவ புள்ளையோட வாங்க"ன்னாங்க. அப்புறம் மாமாவைப் பார்த்து, "நாமளும் எங்கயாச்சும் ரெண்டு நா போயிட்டு வருவமா?"ன்னு கேட்டாங்க. மாமா, "மிளகாய் முடியட்டும்"னார்.

உங்க வீட்லயும் இப்படிப் போனவங்க, காத்திருந்தவங்க இருப்பாங்க. போனவங்க கதையை நிறைய கேட்டிருப்பீங்க. இந்த வாரம் ஒருமுறை, இருந்தவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.