சுங்கானும் நெருப்பும்

புகையிலையின் வரலாற்றை எழுதியவர் பலர். அது எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த மன்னன் அதற்கு வரி விதித்தான், எந்தத் துறைமுகம் அதனால் செழித்தது என்பவற்றையெல்லாம் அவர்கள் விரிவாகக் கூறியிருக்கின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியது. சுங்கானில் இட்ட புகையிலையைப் பற்றவைப்பது எளிது. பற்றியதை அணையாமல் காப்பதே அரிது. சுங்கானைக் கையிலெடுத்த ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டியிருந்த பாடம் இதுதான். மண்ணிலும் மரத்திலும் இரும்பிலும் மனிதர் செய்த எத்தனையோ பொருள்களின் வடிவத்தை இந்த ஒரு பாடம் நிர்ணயித்திருக்கிறது. அந்தப் பாடமே வேண்டாம் என்று உலகம் முடிவு செய்தபோது என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

‘பைப்பு’ என்று ஆங்கிலச் சொல்லையே நாம் இன்று வழங்குகிறோம். ஆயினும் சுங்கான் என்ற நல்ல சொல் நம் அகராதியில் இருக்கிறது. நேயர்கள் பொறுத்துக்கொண்டால் நான் அதையே பயன்படுத்துவேன். நம்மவர் புகையிலையை வெற்றிலையோடு மென்றனர், பொடியாக்கி மூக்கிலிட்டனர், சுருட்டாகச் சுருட்டினர். சீனிச்சர்க்கரைப் புலவர் அதனைத் தூதனுப்பி ஒரு பிரபந்தமே பாடிவிட்டார். இவ்வளவும் நடந்த நாட்டில் சுங்கான் மட்டும் பெரிதாக வேரூன்றவில்லை. ஆகவே அதன் கதைக்குக் கடல் கடந்துதான் போக வேண்டும்.

கொலம்பஸ் 1492 நவம்பரில் கியூபாத் தீவின் உட்பகுதிக்கு இருவரை அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து, அவ்வூர் மக்கள் கையில் கொள்ளியும் இலையும் ஏந்திப் புகை குடிப்பதாகக் கூறினர். அங்கே கண்டது சுருட்டின் இனம். சுங்கானின் தாயகம் இன்னும் வடக்கே இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் பழைய மண்மேடுகளில் கல்லைக் குடைந்து செய்த சுங்கான்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பறவை, நீர்நாய், தவளை என்று பல உருவங்களில் அமைந்த அவற்றின் வயது ஏறத்தாழ 2000 ஆண்டு. மினசோட்டாவில், பைப்ஸ்டோன் என்ற இடத்தில், செதுக்குவதற்கு இசைந்த செங்கல் போன்ற ஒரு வகைச் சிவப்புக் கல்லைப் பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வெட்டியெடுத்து வருகின்றனர். அவர்களுக்குச் சுங்கான் வழிபாட்டுப் பொருள். அவையில் அமர்ந்தவர்களிடையே அது கைக்குக் கை மாறும். அதன் சமயக் கருத்தைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கின்றனர். எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு: வட்டமாக அமர்ந்த பலர் ஒருவர்பின் ஒருவராக இழுத்தால், கங்கு அணைய வழியே இல்லை அல்லவா?

இங்கிலாந்துக்கு இச்செய்தியை எழுத்தில் கொண்டுவந்தவர் தாமஸ் ஹாரியட் என்னும் கணித மேதை. 1585-இல் வால்ட்டர் ராலேயின் ஏற்பாட்டில் ரோனோக் தீவில் குடியேறச் சென்ற கூட்டத்தில் அவரும் இருந்தார். 1588-இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டார் இலையைக் காயவைத்துத் தூளாக்கிக் களிமண் குழாய் வழியே புகையை இழுப்பதையும், அது உடம்புக்கு நல்லது என்று நம்புவதையும், தாமும் தம் தோழரும் அப்பழக்கத்தை மேற்கொண்டதையும் மகிழ்ச்சியோடு குறித்தார். தொலைநோக்கி வழியே சந்திரனைப் பார்த்து, 1609 ஜூலையில், கலிலியோவுக்கும் முன்னதாகப் படம் வரைந்தவர் இவரே. இவரை மீண்டும் பின்னர்ச் சந்திப்போம்.

தொடக்க காலத்தில் இங்கிலாந்தில் புகையிலையின் விலை எவ்வளவு தெரியுமா? ஜான் ஆப்ரி என்ற 17-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர், தராசின் ஒரு தட்டில் புகையிலையையும் மறுதட்டில் வெள்ளி நாணயத்தையும் வைத்து நிறுத்தார்கள் என்று தம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். செல்வர் வெள்ளிச் சுங்கான் வைத்திருந்தனராம். மற்றவர் வால்நட் கொட்டையின் ஓட்டில் ஒரு வைக்கோல் தண்டைச் செருகிக்கொண்டனராம். உணவு மேசையைச் சுற்றி ஒரே சுங்கான் கைமாறியதாம். கடல் கடந்து வந்த பொருளோடு அந்த வட்டப் பழக்கமும் வந்துவிட்டது.

முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு இது பிடிக்கவில்லை. 1604-இல் புகையிலையை வன்மையாகக் கண்டித்துத் தாமே ஒரு சிறு நூல் எழுதினார். அத்துடன் நில்லாமல், இறாத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக, அதாவது 82 பென்ஸாக உயர்த்தினார். அதே மன்னர் 1619-இல் சுங்கான் செய்வோரின் சங்கத்துக்குச் சாசனம் வழங்கினார். வரி விதிப்பவரின் கொள்கை உறுதி எந்த நூற்றாண்டிலும் ஒன்றுபோலவே இருந்திருக்கிறது!

அக்காலத்து மண் சுங்கானின் கிண்ணம் மிகச் சிறியது. சுண்டுவிரல் நுனிதான் அதில் நுழையும். பிற்காலத்தில் உழவர் நிலத்தைக் கிளறும்போது இவை வெளிப்பட, இவ்வளவு சிறியவற்றை மனிதர் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள், குட்டித் தேவதைகளே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கருதி ‘தேவதைச் சுங்கான்’ என்றே பெயரிட்டனர். உண்மைக் காரணம் புகையிலையின் விலைதான். வர்ஜீனியாவில் ஜான் ரால்ஃப் 1612-ஐ ஒட்டிப் பயிரிடத் தொடங்கிய பின் விலை இறங்கிற்று, கிண்ணம் பெருத்தது. கிண்ணம் பெருக்கப் பெருக, நெருப்பைக் காக்கும் வித்தையும் வேண்டியதாயிற்று. சில இழுப்பில் தீர்ந்துபோகும் சிட்டிகைத் தூளுக்கு வித்தை எதற்கு? அரைமணி நேரம் எரிய வேண்டிய கிண்ணத்துக்குத்தான் அது வேண்டும்.

புகையின் சூடு வாயைச் சுடாதிருக்கக் காம்பையும் நீட்டிக்கொண்டே போயினர். நீண்ட காம்பில் அகலத் துளையிட்டால் மண் முறியும். ஆகையால் துளை சிறுத்துக்கொண்டே வந்தது. ஜேம்ஸ்டவுன் குடியிருப்பை அகழ்ந்த ஹாரிங்டன் என்ற அறிஞர் 1954-இல் இதை அளந்து காட்டினார். 1600-ஐ ஒட்டிய காம்புகளில் துளை, ஓர் அங்குலத்தை 64 கூறாக்கினால் அதில் 9 கூறு. 1750-க்குப் பின் 4 கூறு. பின்னர் லூயிஸ் பின்ஃபோர்டு இதனை ஒரு கணக்குச் சூத்திரமாகவே அமைத்துவிட்டார். நம் நாட்டில் பானை ஓட்டைக் கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல, அமெரிக்கக் குடியேற்ற ஊர்களின் காலத்தை அங்குள்ள ஆய்வாளர் உடைந்த சுங்கான் காம்புக்குள் துளைப்பூசியின் முனையைச் செருகிக் கணிக்கின்றனர். வாய்க்கு இதமான புகை வேண்டும் என்ற ஆசை, வரலாற்றாசிரியனுக்கு ஒரு நாட்காட்டியைத் தந்திருக்கிறது.

சரி, நெருப்பு எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்தால் கணப்பிலிருந்து. சுங்கான்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு இரும்பு இடுக்கி வேண்டும்; அதனால் ஒரு கங்கைப் பற்றி எடுத்துக் கிண்ணத்தின்மேல் வைத்து இழுப்பர். சாம்பலையும் புகையிலையையும் மெல்ல அமுக்குவதற்குப் பித்தளையிலோ எலும்பிலோ செய்த ஒரு சிறு கட்டை. வெளியே போனால் சக்கிமுக்கிக் கல்லும் எஃகும் பஞ்சும் அடைத்த பெட்டி. மழைநாளில் பஞ்சு நமுத்தால் அன்று புகை இல்லை. இதனால்தான் அணையாமல் காப்பது கௌரவப் பிரச்சினையாக மட்டும் இல்லாமல் அன்றாடத் தேவையாகவும் இருந்தது. அணைந்தால் மீண்டும் பற்றவைக்கச் சில வேளை கால்மணி நேரம் போராட வேண்டும்.

இந்தப் பாடத்தை அடித்துக் கற்பித்த காலமும் ஒன்று உண்டு. 1665-இல் லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, புகையிலைப் புகை நோயைத் தடுக்கும் என்று நம்பினர். ஈட்டன் பள்ளியில் படித்த ஒருவர், ஒருநாள் காலையில் புகைக்காததற்காகப் பட்ட பிரம்படியைப் போல வாழ்நாளில் வேறெப்போதும் பட்டதில்லை என்று பிற்காலத்தில் கூறியதைத் தாமஸ் ஹெர்ன் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். புகைத்ததற்காக அடி வாங்கிய மாணவர்களை நாம் அறிவோம். புகைக்காததற்காக அடி வாங்கியவர் இவர்!

நான் புகைப்பவனல்லேன். எனினும் ஏட்டில் படித்ததைக் கண்ணால் காணாமல் பேசுவது முறையன்று என்று கருதி, என் நண்பர் ஒருவரை நாடினேன். அவர் கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1970-களில் கிளாஸ்கோ நகரில் படித்தபோது சுங்கான் பழகியவர். மருத்துவர் சொல்லி அதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. “நெருப்பு வைக்கமாட்டேன் ஐயா, கட்டுவதை மட்டும் காட்டுகிறேன்” என்று சொல்லிப் பழைய சுங்கானை எடுத்துவந்தார். கை எதையும் மறக்கவில்லை. முதற் சிட்டிகையைக் குழந்தையின் விரலால் தொடுவதுபோல இட்டார். இரண்டாவதைப் பெண்ணின் விரலால் தொடுவதுபோல. மூன்றாவதை ஆணின் விரலால் அழுத்துவதுபோல. இது மேலைநாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் முறை. அடியில் இறுகினால் காற்றுப் புகாது; மேலே தளர்ந்தால் ஓர் இழையின் நெருப்பு அடுத்த இழைக்குத் தாவாது. இலையில் ஈரம் மிகுந்தால், நெருப்பின் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிக் கங்கு மடியும்.

முதலில் வைக்கும் நெருப்பு பொய் நெருப்பாம். சூடு பட்டதும் மேலிழைகள் பாம்பின் படம்போலச் சுருண்டு எழும். அவற்றை அமுக்கிவிட்டு இரண்டாம் முறை பற்றவைத்தால்தான் நிற்கும். அதன்பின் இழுப்பதுதான் வித்தை. வேகமாக இழுத்தால் நாக்குப் புண்ணாகும், கிண்ணம் கையைச் சுடும், மறந்துவிட்டால் அணையும். மூச்சு விடுவதுபோல இழுக்க வேண்டும் என்றார் நண்பர். அப்போது, நம் பாட்டிமார் இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியலில் ஊதி எழுப்பியது என் நினைவுக்கு வந்தது. சாம்பல் போர்வையாக இருக்க வேண்டும், கல்லறையாகிவிடக் கூடாது. மேலைநாடுகளில் இதற்குப் போட்டியே நடத்துகின்றனர். ஆளுக்கு மூன்று கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி, பற்றவைக்க ஒரு நிமிடம். அதற்குமேல் நெருப்புக் கிடையாது. கடைசிவரை கங்கைக் காத்தவருக்கே பரிசு. வேகத்துக்குப் பரிசளிக்கும் உலகில், மெதுவாகச் செய்வதற்குப் பரிசளிக்கும் பந்தயம் இதைத் தவிர வேறு எத்தனை இருக்கும்?

இவ்வளவு நிதானமான தொழில் காலத்தை அளக்கவும் உதவிற்று. கனடாவில் தோல் வாணிகத்துக்காகப் படகு வலித்தவர்கள், ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்திச் சுங்கான் பிடிப்பர். ஆகவே ஏரியின் நீளத்தை இத்தனை ‘சுங்கான்’ என்றே குறித்தனர். நம்மவர் ‘நாழிகை வழி’ என்றாற்போல. கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ், ஒரு சிக்கலை மூன்று சுங்கான் நேரத்துச் சிக்கல் என்று மதிப்பிடுகிறான். அந்த ஹோம்ஸ்தான், 1887-இல் வெளிவந்த தன் முதற்கதையில், கிடந்த சாம்பலைப் பார்த்துக் கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறான். நம் ஊர்ப் பெயர் அங்கே வந்ததில் நமக்குச் சற்றுப் பெருமைதான்; வந்த சந்தர்ப்பம்தான் சரியில்லை.

19-ஆம் நூற்றாண்டு இரண்டு வசதிகளைத் தந்தது. ஒன்று தீக்குச்சி. ஸ்டாக்டன் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர் 1826-இல் உரசினால் பற்றும் குச்சியைக் கண்டார். 1827 ஏப்ரல் 7-ஆம் நாள் விற்றதாக அவருடைய கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. அவர் காப்புரிமை பெறவில்லை. பிறர் பணம் சேர்த்தனர். மற்றொன்று பிரையர் என்னும் வேர். மத்தியதரைக் கடலோரத்துப் புதர்மரம் ஒன்றின் வேரடியில் முண்டாகத் திரளும் கட்டை அது. 1850-களில் பிரான்சின் செயின்ட் கிளாட் ஊர்க் கைவினைஞர் அதிலே சுங்கான் கடையத் தொடங்கினர். மண் சுங்கான் விழுந்தால் உடையும். பிரையர் உடையாது, எளிதில் எரிவதுமில்லை. நாளடைவில் உட்புறம் ஒரு மெல்லிய கரிப்படலம் படிந்து கட்டையைக் காக்கும். நெருப்பே நெருப்புக்குக் கவசம் செய்து தருகிறது.

வசதி அத்துடன் நிற்கவில்லை. 1881-இல் ஜேம்ஸ் போன்சாக் காப்புரிமை பெற்ற இயந்திரம் பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகளைச் சுற்றித் தள்ளிற்று. சிகரெட்டுக்குக் கட்டும் பக்குவம் வேண்டா, அமுக்கும் கட்டை வேண்டா, இடுக்கி வேண்டா. பற்றவைத்தால் தானே எரியும். எவரும் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சுங்கானின் புகை பெரும்பாலும் காரத்தன்மை உடையது. தொண்டையை உறுத்துவதால் வாயளவில் நின்றுவிடும். சூளைவெப்பத்தில் பதப்படுத்திய சிகரெட் இலையின் புகை அமிலத்தன்மை உடையது. உறுத்தாமல் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். 1950-இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவிற்று. சுங்கானின் நெருப்பு அடிக்கடி அணைந்து, மனிதனுக்கு இடையிடையே ஓய்வு கொடுத்தது. சிகரெட் அந்த ஓய்வை எடுத்துவிட்டது.

இதைக் கேட்டுச் சுங்கான் தீங்கற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஸோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர், சுங்கான் பிடிப்போர்க்கு உதட்டில் புற்று வருவதை 1795-இலேயே எடுத்துரைத்தார். அதன் நன்மைகளை அத்தனை மகிழ்ச்சியோடு எழுதிய ஹாரியட், மூக்கில் கண்ட புற்றுப்புண்ணால் பல ஆண்டுகள் வருந்தி, 1621-இல் லண்டனில் இறந்தார்.

தேம்ஸ் நதியில் நீர் வற்றும் வேளைகளில் கரைச் சேற்றில் வெள்ளை வெள்ளையாக மண் காம்புத் துண்டுகள் இன்றும் வெளிப்படுகின்றன. உரிய அனுமதி பெற்றவர்கள் குனிந்து பொறுக்கிச் செல்கின்றனர். சுண்டுவிரல் நுனி நுழையும் கிண்ணமும் கிடைக்கிறது. கட்டைவிரல் தாராளமாக நுழையும் கிண்ணமும் கிடைக்கிறது. பலவற்றின் உட்புறம் இன்னும் கறுத்தே இருக்கிறது.