காஞ்சி நெசவுத் தெருவுக்கு ஓர் அருங்காட்சியகம்

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. டெபோரா தியாகராஜனின் முயற்சியால் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட வளாகம் அது. லாரி பேக்கர் வடிவமைத்தார். தென்னாட்டு ஊர்களில் இடிபடவிருந்த பழைய வீடுகள் பலவற்றை வாங்கி, தூண் தூணாகப் பிரித்து எடுத்து வந்து மறுபடி எழுப்பினார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் நெசவாளர் வீட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. அதன் வாசலில் நெசவுத் தெரு இல்லை.

காஞ்சியில் தெருவும் பட்டறைதான். பிள்ளையார்பாளையத்தில் பொழுது புலரும்போதே பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், விரியும். மூன்று சேலைக்கான பாவு எந்தக் கூடத்திலும் அடங்காது. குச்சிகளை நட்டு, இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்ந்த பட்டிழைகளைப் பிரித்துவிட்டு, அறுந்ததை விரல் நுனியில் முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் கை கொடுக்காமல் நடக்காத வேலை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாவு போட முடியாது. தறிக்குழியிலும் தண்ணீர் ஊறும். அப்போது அடுப்பு எரிவது முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸில். செங்குந்தர், தெலுங்கு பேசும் தேவாங்கர், பத்மசாலியர் எனப் பலரை இந்த ஊரில் குடிவைத்தது இந்தத் தொழில்.

ஒரு தெருவின் நினைவைக் காப்பது எப்படி என்பதைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே ‘டிஸ்டிரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென்று இனவெறி அரசு அறிவித்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் தரைமட்டமாயின. 1994 டிசம்பர் 10 அன்று பழைய மெதடிஸ்டு தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் பிறந்தது. தரையில் தெருக்களின் பெரிய வரைபடம். முன்னாள் குடியிருப்பாளர்கள் அதில் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பெயர் எழுதினார்கள். இடிப்பு வேலையைக் கவனித்த ஒருவர் கடலில் கொட்டாமல் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்த தெருப் பெயர்ப்பலகைகள் மேலே தொங்குகின்றன. வந்தவர்கள் நீண்ட துணியில் எழுதிய பெயர்களின் மேல் பின்னர் நூலால் தைத்தார்கள். நெசவூர்க்காரனான எனக்கு அந்தத் துணிமீதுதான் தீராத ஈர்ப்பு.

காஞ்சியில் புல்டோசர் வரவில்லை, ஆலைகள் வந்தன. தட்சிணசித்ரா திறந்த அதே 1996-இல்தான் ஹூண்டாய் கார் நிறுவனமும் இந்தியாவில் கால் பதித்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகள் பெருக, மாதச் சம்பளம் தறிக்கூலியை வென்றது. ஷிப்டுக்குப் போகும் பிள்ளையை யார் குறை சொல்ல முடியும்? ஒரு தறி நின்றால் வீட்டில் ஓர் அறை கிடைக்கிறது. குழியை மூடித் தரை போட்டுவிடுகிறார்கள். யாரும் துரத்தாமலே ஒரு தெரு இப்படித்தான் கலைகிறது.

அண்ணா வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாகப் போற்றும் ஊர் இது. கோயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய கயிலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. சாதாரண மக்களின் தெருவுக்கும் அந்த அக்கறையில் ஒரு பங்கு வேண்டும்.

நெசவுத் தெருவுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைந்தால் சரிகை மினுக்கோடு அது நின்றுவிடக் கூடாது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. கரைக்கு நாடா தள்ளத் தறியருகே இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள், பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய சிறுவன். அட்வான்ஸை அடைக்க முடியாமல் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்த குடும்பங்களின் கதையும் அங்கே சொல்லப்பட வேண்டும். கேப் டவுன்காரர்கள் தங்கள் வலியை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

இதை வாசிக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஓசை அடங்கிய தறிக்கூடம் ஒன்றை ஒதுக்குங்கள். அதன் தரையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களை வரையுங்கள். உறுப்பினர் பதிவேடுகளிலிருந்து பெயர்களை எடுத்து அவரவர் வாசலில் எழுதலாம். தார் சுற்றியும் இழை முடிந்தும் உழைத்த பெண்களின் பெயர்கள் அந்த ஏடுகளில் அதிகம் இருக்காது. அவற்றை வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல, அந்தத் தெருக்களில் மூத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.