தற்சார்புப் பயணமும் இணையத் தகவல் வளங்களும்: ஒரு வரலாறு

பயண முகவரின் துணையின்றி, வழி, வண்டி, தங்குமிடம், செலவு ஆகியவற்றைத் தாமே முடிவு செய்து மேற்கொள்ளும் பயணம் தற்சார்புப் பயணம் எனப்படும். இன்று கைப்பேசியும் இணைய இணைப்பும் உள்ள எவரும் இவ்வாறு திட்டமிட முடிகிறது. இதற்கு உதவும் இணையதளங்கள் திடீரெனத் தோன்றியவை அல்ல. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக அச்சு நூல்கள் செய்து வந்த பணியையே அவை தொடர்கின்றன. அந்த வரலாற்றை அறிந்தால், எந்தத் தளத்தை எதற்கு நம்பலாம் என்பதும் விளங்கும்.

கையேடுகளின் தொடக்கம்

1836இல் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே, ஐரோப்பியப் பயணிகளுக்கான கையேட்டை வெளியிட்டார். அவர் குடும்பத்தின் இளைய தலைமுறையினர் நேரில் சென்று திரட்டிய குறிப்புகளே அதற்கு அடிப்படை. அதே காலத்தில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் தம் கையேடுகளைத் தொடங்கினார். கூலிக்கு வரும் வழிகாட்டியையோ விடுதிக்காரரையோ சார்ந்திராமல் பயணி தாமே ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

பேடெக்கரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. மிலான் பேராலயத்தின் கூரைக்குச் செல்லும் படிகளை எண்ணியபோது, 20 படிகளுக்கு ஒரு பட்டாணி வீதம் மேற்சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றினாராம். இறங்கும்போது மறுபடியும் எண்ணிச் சரிபார்த்தாராம். பயணத் தகவலின் மதிப்பு அதைச் சரிபார்ப்பதில்தான் உள்ளது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியாவுக்கான மர்ரே கையேடு 1859இல் வந்தது. அதை எழுதியவர் எட்வர்ட் ஈஸ்ட்விக். சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கு அதில் தனித்தனிப் பகுதிகள் இருந்தன.

கால அட்டவணைகள்

இரயில் வந்த பிறகு, ஊரைப் பற்றிய விவரம் மட்டும் போதவில்லை; வண்டி நேரமும் தேவைப்பட்டது. பிரிட்டனில் பல நிறுவனங்கள் தனித்தனியே இரயில்களை ஓட்டின. அவற்றின் நேரங்களை ஒன்று சேர்த்து ஜார்ஜ் பிராட்ஷா 1839இல் அட்டவணை வெளியிட்டார். அவர் பெயரிலான அட்டவணை 1961 வரை வெளிவந்தது.

1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக், லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் இரயிலில் அழைத்துச் சென்றார். குழுச் சுற்றுலாத் தொழிலின் முன்னோடியாக இது கருதப்படுகிறது. அவருடைய நிறுவனமே 1873இல் ஐரோப்பிய இரயில் கால அட்டவணையையும் வெளியிட்டது. முகவர் நிறுவனம் ஒன்று வெளியிட்ட அந்த நூல், முகவரே வேண்டாம் என்று கிளம்பிய பயணிகளுக்கும் பல தலைமுறைகளாகக் கைகொடுத்தது.

1972இல் லண்டனிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா சென்ற டோனி வீலர், மவ்ரீன் வீலர் இணையர், குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது பற்றி 1973இல் ஒரு சிறு நூல் எழுதி, தாங்களே தாள்களை அடுக்கிப் பின் அடித்து விற்றனர். லோன்லி பிளானட் பதிப்பகம் இவ்வாறு பிறந்தது.

கணினியும் முன்பதிவும்

1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து சேபர் என்னும் கணினி முன்பதிவு முறையை உருவாக்கின. பின்னர் அதன் முனையங்கள் முகவர் அலுவலகங்களுக்கும் வந்தன. ஆயினும் எந்த விமானத்தில் இடம் உள்ளது, கட்டணம் என்ன என்பதை முகவர் சொல்லியே பயணி அறிய வேண்டியிருந்தது. 1990களில் இணையம் பரவியபோது இந்த நிலை மாறியது.

இந்தியாவில் 1999இல் ஐஆர்சிடிசி தொடங்கப்பட்டது. 2002 ஆகஸ்டில் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனை அறிமுகமானது. முதலில் சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. 2005 முதல் அதைப் பயணியே அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. 2006இல் பெங்களூருவில் தொடங்கிய ரெட்பஸ், தனியார் பேருந்துகளின் இருக்கை விவரங்களை ஒரே இடத்தில் தந்தது.

தன்னார்வலர் உருவாக்கிய வளங்கள்

2001இல் இங்கிலாந்தில் முன்னாள் இரயில்வே ஊழியர் ஒருவர் ‘தி மேன் இன் சீட் 61’ என்னும் தளத்தைத் தொடங்கினார். எல்லை கடந்த இரயில் பயணங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் கூடி வரையும் உலக வரைபடம். இத்தரவைப் பயன்படுத்தும் செயலிகள் பல, இணைப்பு இல்லாத இடத்திலும் வழிகாட்டுகின்றன.

2003இல் விக்கிடிராவல் என்னும் கூட்டுக் கையேடு தோன்றியது. 2006இல் அதை ஒரு வணிக நிறுவனம் வாங்கியது. அதை ஏற்காத ஜெர்மன் மொழிப் பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு விக்கிவாயேஜ் என்ற தளத்தை அமைத்தனர். 2012இல் ஆங்கிலப் பங்களிப்பாளர் பலரும் விக்கிமீடியாவின் ஆதரவோடு வெளியேற முற்பட்டபோது, தன்னார்வலர் இருவர்மீது அந்நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு 2013 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே, 2013 ஜனவரி 15 அன்று, விக்கிவாயேஜ் விக்கிமீடியாவின் திட்டமாக முறைப்படி தொடங்கிவிட்டது. கட்டுரைகள் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், எழுதியவர்கள் அவற்றைப் புதிய தளத்துக்கும் கொண்டுசெல்ல முடிந்தது. இதில் இந்தி, வங்காளப் பதிப்புகளும் உள்ளன.

பயன்படுத்தும் முறை

ஒவ்வொரு வளத்துக்கும் அதற்குரிய எல்லை உண்டு. வண்டி நேரத்துக்கும் கட்டணத்துக்கும் இரயில்வே அல்லது விமான நிறுவனத்தின் தளமே முதன்மையானது. நுழைவிசைவு விதிகளுக்கு அந்நாட்டு அரசுத் தளத்தை மட்டுமே நம்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, இலங்கை 2012 ஜனவரியில் இணையவழிப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்தது. இத்தகைய அனுமதிகளுக்கு அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பெறும் தளங்களும் உள்ளன. எனவே முகவரியைத் தூதரகப் பக்கத்திலிருந்து எடுப்பது நல்லது. ஊரைப் பற்றி அறிய விக்கிவாயேஜும் பயண நூல்களும் உதவும். விடுதிகளைப் பற்றிய பயணிகளின் கருத்துகளில் பணம் கொடுத்து எழுதப்பட்டவையும் கலந்திருப்பதால், ஒரே கருத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

எந்தத் தகவலையும் ஏற்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? இதனால் அவருக்கு வருமானம் உண்டா? முகவர் செய்த வேலையைப் பயணி தாமே ஏற்கும்போது, சரிபார்க்கும் பொறுப்பும் அவரிடமே வருகிறது. பேடெக்கரின் பட்டாணி இப்போது நம் பையில் இருக்கிறது. பயணம் முடிந்து திரும்பியதும், மாறிப்போன ஒரு பேருந்து எண்ணையோ நுழைவுக் கட்டணத்தையோ விக்கிவாயேஜில் திருத்தி வைத்தால், அடுத்து வருபவருக்கு அது வழிகாட்டும்.