பழைய கார்களில் எண்ணெய்க் கசிவும் தீயும்: திரும்பப் பெறுதலுக்குக் கால வரம்பு தகுமா?

2015 அக்டோபர் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1997 முதல் 2004 வரையிலான மாடல்களில் சுமார் 14 லட்சம் கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. போன்டியாக் கிராண்ட் பிரீ, பியூக் ரீகல், செவர்லே இம்பாலா போன்ற கார்கள் அவை. எல்லாவற்றிலும் இருந்தது 3.8 லிட்டர் வி6 என்ஜின். இதே என்ஜினுக்காக 2008இலும் 2009இலும் கார்கள் ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டுப் பழுது நீக்கப்பட்டிருந்தன. அப்படிப் பழுது நீக்கிய கார்களிலேயே 1,345 தீப்பிடித்தன என்றும், ஆறாண்டுகளில் 19 பேர் சிறு காயமடைந்தனர் என்றும் நிறுவனமே தெரிவித்தது. மறுபடி பழுது நீக்கித் தரும்வரை காரை வீட்டுக் கொட்டகையில் விடாமல் திறந்தவெளியில் நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பழைய வாகனத்தின் கசிவை மூப்பு என்று தள்ளிவிடும் சட்டப் பார்வையும், திரும்பப் பெறுதலுக்கான கால வரம்பும் தீ அபாயத்துக்குப் பொருந்தா என்பதே இக்கட்டுரையின் வாதம். கேஸ்கட் தேய்வது காலத்தின் வேலையாக இருக்கலாம். கசிந்த எண்ணெய் எங்கே போய் விழும் என்பதோ கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

இதை விளங்கிக்கொள்ள பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த வி6 என்ஜின் காரின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டது. அதன் முன்வரிசை வால்வு கவர் ரேடியேட்டர் பக்கமாக இருக்கிறது. அதற்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓடுகிறது. வால்வு கவரை இறுக்கி அடைக்கும் கேஸ்கட் பல்லாயிரம் முறை சூடேறி ஆறி விறைத்துப்போகிறது. ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது கவருக்குள் இருக்கும் எண்ணெய் முன்பக்கம் சரிந்து, தளர்ந்த விளிம்பு வழியாகச் சில சொட்டுகள் வெளியேறி, நேராக அந்தச் சூடான இரும்பின்மேல் விழுகின்றன. பெரும்பாலான சமயங்களில் புகைந்து தீய்ந்த வாடை வருவதோடு முடிந்துவிடும். சில சமயம் சிறு சுடர் எழும். அந்தச் சுடருக்கு அருகிலேயே ஸ்பார்க் பிளக் வயர்களைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது; அது பற்றிக்கொண்டால் என்ஜின் அறையே பற்றிக்கொள்ளும். ஓடும் காரில் காற்றோட்டம் வெப்பத்தை ஓரளவு அகற்றிவிடும். காரை நிறுத்தியதும் காற்று நின்றுபோகிறது, வெப்பம் அறைக்குள்ளேயே தேங்குகிறது. பெரும்பாலான தீ விபத்துகள் கார் நின்றபின், உரிமையாளர் வீட்டுக்குள் போய்விட்ட பிறகு, நிகழ்ந்ததற்கு இதுவே காரணம்.

2009ஆம் ஆண்டு ஏறத்தாழ 15 லட்சம் கார்களுக்குத் தரப்பட்ட தீர்வை இந்த வரிசையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கேஸ்கட் தளர்கிறது, எண்ணெய் கசிகிறது, சூடான பரப்பில் விழுகிறது, சுடர் எழுகிறது, பிளாஸ்டிக் பற்றுகிறது என்ற ஐந்து கண்ணிகளில் கடைசிக் கண்ணியை மட்டுமே அந்தத் தீர்வு தொட்டது: பழைய வயர் பிடிப்பான்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள். சொட்டும் எண்ணெய்க்கும் கொதிக்கும் இரும்புக்கும் இடையிலிருந்த வழி அப்படியே விடப்பட்டது. 2015இன் அறிவிப்பு அந்தத் தீர்வு போதவில்லை என்பதற்கான ஒப்புதல். இதே போக்கு வேறிடத்திலும் தெரிகிறது. 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 34 லட்சம் வாகனங்களைத் திரும்பப் பெற்றன. பிரேக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் திரவம் கசிந்து மின்சுருக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பது குறை. அறிவிக்கப்பட்ட தீர்வோ ஃபியூஸை மாற்றுவது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கசிவின் மூலத்தைத் தொடாத தீர்வு, மீதியிருக்கும் ஆபத்தைத் தானாகவே உரிமையாளரின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பே துணை நிற்கிறது. 1975இல் அமெரிக்க அரசுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் இடையே சரக்குந்துச் சக்கரங்கள் குறித்து நடந்த வழக்கில், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறை என்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. இயல்பான பயன்பாட்டில் கணிசமான எண்ணிக்கையில் ஒரு பாகம் பழுதானால் அது குறை. உரிமையாளர் சரியாகப் பராமரிக்காததால் வந்த பழுதும், முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கக் கூடியது என்றால், அந்தக் கணக்கில் சேரும். ஆனால் வயதாலும் தேய்மானத்தாலும் நேரும் இயல்பான சிதைவு சேராது. கேஸ்கட் தேயும் பாகம்தானே, பதினைந்து வருடக் காரில் எண்ணெய் கசிவதற்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்று இதை வைத்துக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கசிவு மட்டும் என்றால் நானும் அது உரிமையாளர் செலவு என்றே சொல்வேன். ஆனால் தீர்ப்பு விலக்குவது பாகத்தின் சிதைவை. அந்தச் சிதைவு தீயாக மாறும் அமைப்பை அல்ல. கேஸ்கட் ஒருநாள் கசியும் என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றுக்கு அணை கட்டாமல், அதன் கீழே வெப்பக் குழாயை வைத்து, பக்கத்தில் எரியக்கூடிய பிளாஸ்டிக்கையும் வைத்தது வடிவமைப்பின் தேர்வு. தேய்மானம் உறுதியாக வரும் என்பதால் நிறுவனத்தின் பொறுப்பு கூடுகிறதே தவிர, குறைவதில்லை.

எண்ணிக்கையைக் காட்டியும் மறுக்கலாம். 14 லட்சத்தில் 1,345 என்பது ஆயிரத்துக்கு ஒன்றுதான். பழைய கார்கள் வேறு காரணங்களாலும் எரிகின்றன. ஆனால் அந்த வேறு காரணங்கள் நூறு இடங்களில் சிதறிக் கிடப்பவை. இவை ஒரே இடத்தில், ஒரே முறையில், நிறுவனத்தின் முகவர்களே கைவைத்துச் சரிசெய்த பிறகு எரிந்தவை. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நின்ற கார் எரிந்தால் உள்ளே உறங்குபவரும் ஆபத்தில் சிக்குகிறார். அவர் அந்தக் காரை வாங்கியவராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

இங்கேதான் கால வரம்பு குறுக்கிடுகிறது. முதலில் விற்ற நாளிலிருந்து பத்தாண்டு கடந்த வாகனத்துக்கு இலவசமாகப் பழுது நீக்கித் தர அமெரிக்கச் சட்டம் 2015 அக்டோபரில் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கச் சாலையில் ஓடிய கார்களின் சராசரி வயதோ பதினொன்றரை. 2004 மாடலில் முடியும் ஒரு பட்டியலில் பெரும்பாலான கார்கள் வரம்பைத் தாண்டியவை என்பது வெளிப்படை. டிசம்பரில் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம் வரம்பைப் பதினைந்து ஆண்டாக உயர்த்தியது. நல்ல திருத்தம்தான், ஆயினும் கேஸ்கட் விறைத்து ஆபத்து உச்சத்தைத் தொடும் பருவத்தில் பொறுப்பு முடிந்துபோகும் என்ற தர்க்கத்தை அது மாற்றவில்லை. முடிவில்லாத பொறுப்பைச் சுமத்தினால் நிறுவனங்கள் தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் உண்டு. தேயும் பாகத்துக்கான செலவு உரிமையாளருடையதாகவே இருக்கட்டும்; கசிந்த எண்ணெய் வெப்பப் பரப்பை அடையும் வழியை மறிக்கும் செலவு மட்டும் வயது பாராமல் நிறுவனத்துடையது ஆகட்டும். பழைய கார் கைமாறிக் கைமாறிப் போவதால் அறிவிப்புக் கடிதம் பலரைச் சென்றடைவதில்லை என்பதையும், ஏழைகளே கடைசி உரிமையாளர்கள் ஆகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பொறுப்பின் நியாயம் இன்னும் தெளிவாகும்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவின்படி கட்டாயத் திரும்பப் பெறுதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களையே கருதுகின்றன. அதே சட்டத்தின்கீழ் தனியார் காருக்குப் பதிவு செல்லுபடியாவது பதினைந்து ஆண்டு. எட்டாம் ஆண்டில் ஓட்டத் தகுதியானது என்று அரசு ஏற்கும் காரை, அதே ஆண்டில் குறையை விசாரிக்கத் தகுதியற்றது என்று அரசே ஒதுக்குவது முரண். எரிபொருள், எண்ணெய், பிரேக் திரவக் கசிவால் தீப்பிடிக்கும் குறைகளுக்கு இந்த ஏழாண்டு வரம்பு பொருந்தாது என்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்த வேண்டும்.