கண்ணாடித் தொட்டியில் துப்பாக்கி இறால்

கடலின் ஒரு பகுதியை இல்லத்தில் வைத்துக் காணும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கிக் கடற்கரையில் எடுத்த பவழ உயிர்களை லண்டனிலிருந்த தம் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். நாம் காப்பி ஆற்றுவதுபோல, பணிப்பெண் ஒருத்தி திறந்த சாளரத்தருகே அக்கடல்நீரை ஆற்றி ஆற்றிக் காற்றேற்றினாள். அடுத்த ஆண்டில் கடற்பாசிகளும் உடன் வைக்கப்பெற்றன.

1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் இக்கலையை வீடுதோறும் பரப்பியது. விளைவு யாது? மக்கள் கடற்கரைகளுக்குத் திரண்டனர். பாறைக் குட்டைகள் வெறுமையாயின. அவ்வழிவை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான தம் நூலில் வருந்தி எழுதினார்.

இக்காலத் தொட்டிகளில் வளர்க்கப்பெறும் உயிர்களுள் துப்பாக்கி இறாலும் ஒன்று. விரலளவே உள்ள இதன் கொடுக்குகளுள் ஒன்று மட்டும் மிகப் பெரியது. அதனைச் சொடுக்கும்போது எழும் ஓசை, தொட்டியே விரிசல் கண்டதோ என ஐயுறச் செய்யும். இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைத் தேடியவர்களின் கருவிகளில் சுள்ளி எரிவது போன்ற ஓசை நிறைந்தது. அதற்கு இவ்விறால்களே காரணம் என்று ஆய்ந்த அமெரிக்க அறிஞர்கள், தம் முடிவுகளை 1947இல் வெளியிட்டனர்.

கொடுக்கின் இரு பகுதிகளும் மோதுவதால் ஓசை எழுகிறது என்றே நெடுநாள் எண்ணினர். 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து, ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் தொட்டியில் வைத்து அதிவேகப் படம் எடுத்து உண்மையைக் கண்டனர். கொடுக்கு மூடுகையில் நீர் பீறிட்டுப் பாய்கிறது; அதில் ஒரு குமிழி பிறக்கிறது; அக்குமிழி நொறுங்குவதே வெடியோசை! இரை மயங்கி வீழ்வதும் இதனாலேயே.

இத்துணை வலிய உயிருக்கும் துணை வேண்டும். இவ்விறால்களுள் சில இனங்களுக்குப் பார்வை மங்கல். அவை மணலில் வளை தோண்ட, உளுவை மீன் வாயிலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மீன் வாலசைத்தால் இரண்டும் வளைக்குள் புகும்.

டெல்லியிலோ நாகபுரியிலோ வாழும் நம்மவர் இத்தகைய தொட்டி அமைக்க விழைந்தால், மணலும் மறைவிடமும் தந்து இவ்விணையைப் பிரியாமல் வைத்தல் வேண்டும். அன்னா தின் கொண்டுசென்றது போன்ற கல்பவழங்களை நம் நாடு 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அவற்றைக் கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம். வெறுமையான ஆங்கிலக் கரைகளின் வரலாறு நம் மன்னார் வளைகுடாவில் நிகழலாகாது.