பீப்பாய் ஆட்சி

பஞ்சம் வரலாம், போர் மூளலாம், வெள்ளம் சூழலாம். அன்று நோட்டு வெறுந்தாளாகும். வங்கியின் கதவு மூடிக் கிடக்கும். ஆகவே இன்றே மதுப்புட்டிகளை வாங்கி நிலவறையில் அடுக்கி வையுங்கள்; கெட்டுப்போகாத சரக்கு, சிறுசிறு அளவாகப் பிரித்துக் கொடுக்கத்தக்க சரக்கு, மாவுக்கும் மருந்துக்கும் மாற்றிக்கொள்ளலாம்! இவ்விதம் யோசனை கூறும் முன்னெச்சரிக்கையாளர்கள் மேலைநாடுகளில் இன்று இருக்கின்றனர்.

யோசனை புதிது என்று எண்ணுகின்றனர் போலும். இல்லை, நண்பர்களே! ஒரு நாட்டிலே, ஏறத்தாழ இருபதாண்டுக் காலம், நடத்திப் பார்த்து முடித்த சோதனை இது. ஆஸ்திரேலியாவின் வரலாற்றேட்டிலே அதன் முடிவு எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துப் படிப்போம்.

1788 சனவரி 26. பதினொரு கப்பல்களில் வந்த பிரிட்டிஷார் சிட்னித் துறையிலே கொடி நாட்டினர். மண்ணுக்கு உரிய மக்கள் அங்கே இருந்தனர். அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். அற்பத் திருட்டுக்காக நாடு கடத்தப்பட்டவர்கள் பலர். கைதிக்குக் காசு எதற்கு, அரசாங்கப் பண்டசாலையில் அளந்து போடும் உணவு போதாதா என்று இலண்டன் எண்ணிற்று. ஆட்களை அனுப்பியது, விலங்குகளை அனுப்பியது, நாணயத்தை மட்டும் அனுப்ப மறந்தது!

1790இல் பசி வந்தது. உணவு தேடிவர வேண்டிய சிரியஸ் கப்பல் நார்போக் தீவருகே பாறையில் மோதி உடைந்தது. படியளவு குறைந்தது, மேலும் குறைந்தது. அப்போது கவர்னர் ஆர்தர் பிலிப் தம் சொந்தச் சேமிப்பான மாவைப் பொதுப் பண்டசாலையில் சேர்த்தார். கைதிக்கு அளந்த படியே தமக்கும் என்றார். ஆபத்துக் காலச் சேமிப்பு என்பதற்கு இது ஓர் இலக்கணம். இந்த மாவுமூட்டையை நினைவில் வையுங்கள்.

1792 டிசம்பரில் பிலிப் கப்பலேறினார். ஆட்சி, நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் தலைவர் மேஜர் கிரோஸ் கைக்கு மாறியது. அதே மாதம் ஹோப் என்ற அமெரிக்கக் கப்பல் துறைக்கு வந்தது. இறைச்சியும் மாவும் இருந்தன. கூடவே சுமார் 7,500 கேலன் சாராயமும் இருந்தது. சாராயத்தை வாங்கினால்தான் உணவைத் தருவேன் என்றான் மாலுமி. வாங்கினார்கள். ஹோப் என்றால் நம்பிக்கை. வந்து இறங்கியதோ நாசம்!

அடுத்து நடந்ததுதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. குடியேற்றத்திலே காசு இல்லை. ஆனால் படை அதிகாரிகளின் சம்பளம் இலண்டனில் அவர்கள் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கின் மீது அவர்கள் எழுதித்தரும் உண்டியலைக் கப்பல்காரன் ஏற்பான். உழவன் எழுதினால் ஏற்பானா? எனவே வந்த சரக்கை மொத்தமாக மடக்கும் வல்லமை அதிகாரிகளுக்கே இருந்தது. பீப்பாய்கள் அவர்கள் கிடங்கில் ஏறின. அந்தக் குடியேற்றத்திலே எந்தச் சாராயமானாலும் அதற்கு ‘ரம்’ என்றே பெயர். அந்த ரம் நாணயமாயிற்று. கோதுமைக்கு ரம், நிலத்துக்கு ரம், கூலிக்கு ரம்!

அதிகாரிகளுக்கு நிலம் வழங்கினார் கிரோஸ். உழுவதற்குக் கைதிகளையும் வழங்கினார். நீதிவழங்கும் பொறுப்பையும் பட்டாளத்தாரிடமே ஒப்படைத்தார். விலை கூறுபவன் அவன், வழக்கைக் கேட்பவன் அவன், துப்பாக்கி தூக்கியவனும் அவனே! முறையிட எங்கே செல்வது?

நாணயத்தைப் பெற்றவன் நாளைக்கு என்று முடிந்து வைக்கலாம். சாராயத்தைக் கூலியாகப் பெற்றவனோ இரவுக்குள் கூலியையும் குடித்துவிடுகிறான், கவலையையும் குடித்துவிடுகிறான்; காலையில் வெறுங்கையுடன் அதே கிடங்கின் வாசலிலே நிற்கிறான். கொடுத்தவனுக்கு அது முதல். வாங்கியவனுக்கு அது தளை. சிறு குடியானவர் பலர் அறுவடைக்கு முன்பே விளைச்சலைக் கடனுக்கு எழுதிக் கொடுத்தனர்; பின்னர் நிலத்தையும் இழந்தனர்.

கவர்னர் ஹண்டர் தடுக்க முயன்றார், தோற்றார். அடுத்து வந்த கிங், சாராயக் கப்பல்கள் சிலவற்றைத் திருப்பி அனுப்பினார். 1800இல், கைக்குக் கிடைத்த நாணயங்களுக்கெல்லாம் விலை குறித்துப் பட்டியல் வெளியிட்டார். ஸ்பானிய டாலருக்கு 5 ஷில்லிங், ரூபாய்க்கு இரண்டரை, நம் தென்னாட்டு வராகனுக்கு 8! வராகன் கடல் கடந்து சென்று வேலை தேடியது. பீப்பாய் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

1806 மார்ச்சில் உண்மையான ஆபத்து வந்தது. ஹாக்ஸ்பரி ஆறு பெருக்கெடுத்தது. அதுதான் குடியேற்றத்தின் களஞ்சியம். கோதுமைப் போர்கள் மிதந்து சென்றன, உயிர்களும் போயின, ரொட்டி அரிதாயிற்று. எங்கே அந்தச் சேமிப்பின் மகிமை? ஊரில் தானியமே இல்லாதபோது எதைக் கொடுத்து எதை மாற்றுவது? பண்டமாற்றுக்குப் பண்டம் வேண்டாமா? ஆகஸ்டில் பொறுப்பேற்ற கவர்னர் பிளை அரசாங்கப் பண்டசாலையைத் திறந்து உதவினார். வரும் விளைச்சலை அரசே வாங்கும் என உறுதி கூறினார். உழவரைத் தாங்கியது பொதுக் களஞ்சியம், சாராயக் கிடங்கு அன்று.

1807 பிப்ரவரி 14இல், உணவுக்கோ கூலிக்கோ சாராயத்தை மாற்றுதல் குற்றம் என ஆணையிட்டார் பிளை. நல்ல ஆணைதான். ஆனால் தண்டனையைப் பாருங்கள்: கைதி செய்தால் 100 கசையடி, ஓராண்டுக் கடின உழைப்பு, சுதந்திரமானவன் செய்தால் அபராதமும் சலுகை இழப்பும்! குற்றம் ஒன்று, முதுகு மட்டும் வேறு. மனுவின் ஏடு கப்பலேறிச் செல்லவில்லை. அவன் நீதி எல்லா நாட்டு ஆதிக்கக்காரருக்கும் பிறவிச் சொத்து போலும்!

1808 சனவரி 26. கொடி நாட்டிய அதே நாள், இருபதாண்டு கழித்து. மேஜர் ஜான்ஸ்டன் தலைமையில் படை, இசை முழங்க அணிவகுத்துச் சென்று கவர்னரையே சிறைப்படுத்தியது. ‘ரம் கலகம்’ என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். மது ஒன்றே காரணம் என்று கூறுவது வரலாறாகாது. நிலத்தகராறும், செல்வர் ஜான் மக்கார்தரின் பகையும், பிளையின் கடுநாவும் சேர்ந்தே மூட்டிய தீ அது. எனினும் கிடங்கின் சாவியை வைத்திருந்தவர்களே ஆட்சியின் சாவியையும் பறித்தனர் என்பது மறுக்கவொண்ணாதது.

1810இல் மக்குவாரி கவர்னரானார். பழைய படை திருப்பி அழைக்கப்பட்டது. பீப்பாயின் செல்வாக்கு போயிற்றா? மருத்துவமனை கட்டப் பணமில்லை. மூவர் முன்வந்தனர், 45,000 கேலன் சாராயம் இறக்கும் உரிமையே அவர்களுக்கு ஊதியம். மூவரில் ஒருவர், டார்சி வெண்ட்வொர்த், மருத்துவர்! நோயைத் தீர்க்கும் கட்டடம், நோயை விற்று எழுந்தது. 1816இல் முடிந்த அதன் ஒரு பகுதியிலேதான் இன்று நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் இருக்கிறது.

பீப்பாயின் செல்வாக்கைக் குறைக்க நாணயம் வேண்டியிருந்தது. 1812இல் 40,000 ஸ்பானிய டாலர்கள் கப்பலில் வந்தன. எங்கிருந்து? நம் சென்னையிலிருந்து! ஊரைவிட்டு அவை வெளியேறாதிருக்க நடுவிலே துளையிட்டனர். வளையம் ஒரு நாணயம், வெட்டிய வில்லை இன்னொரு நாணயம். அடித்துத் தந்தவர் ஹென்ஷால். கள்ள நாணய வழக்கில் நாடு கடத்தப்பட்டவர்! 1817இல் வங்கியும் வந்தது. மெல்ல மெல்லப் பீப்பாய், நாணயம் என்ற பதவியை இழந்தது.

தோழர்களே! இருவகைச் சேமிப்பைக் கண்டோம். பிலிப்பின் மாவுமூட்டை ஒன்று. அது பலர் பசியைப் பகிர்ந்துகொண்டது. அதிகாரிகளின் பீப்பாய் மற்றொன்று. அது பலர் உழைப்பை விழுங்கிற்று. ஆபத்துக்கென்று ஒருவன் எதையேனும் சேர்த்து வைத்தால் கேளுங்கள்: பசித்தவனைக் காக்கவா, பசித்தவனைப் பிடிக்கவா? உழைத்தவனுக்கு எதைக் கூலியாகத் தருகின்றனர் என்றும் கேளுங்கள். அவன் அறிவை மயக்குவதைக் கூலியாகத் தருபவன், அவன் கேள்வி கேட்கும் நாளைக் கண்டு அஞ்சுகிறான் என்பது பொருள். கேள்வி கேட்கும் தெளிவு கலையாதிருக்கட்டும். நாம் சேர்த்து வைக்க வேண்டிய முதற்பண்டம் அதுவே!