சாட்சி சொல்லும் பேச்சு



அடி அண்ணாமலையில் நின்று பேசுகிறோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றும் கூட்டம் உங்கள் தெருவழியாகத்தான் போகிறது. அடிமுடி தேடிய கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையில் எங்களை நிற்க வைப்பது தாழம்பூ. முடியைப் பார்க்காத பிரம்மா பார்த்ததாகச் சொல்கிறார். தாழம்பூ அதற்குச் சாட்சி சொல்கிறது. நம் வரலாற்றில் நெடுங்காலம் நடந்ததும் இதுதான். சேரிக்குள் கால் வைக்காதவர்கள் சேரியின் கதையைச் சொன்னார்கள். ஏட்டில் ஏறியதால் அது வரலாறு ஆனது.

நமக்குக் குரல் இல்லாமல் போனதில்லை. இந்தப் பக்கத்து அக்னி வசந்த விழாக்களில் பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் சாவு வீட்டில் ஒருவரின் முழு வாழ்க்கையையும் ஒப்பாரியில் சொல்லி முடிப்பார்கள். ஆனால் ஊர் நம்மிடம் கேட்டு வாங்கிய குரல் வேறு. சாவுச் செய்தி சொல்ல வேண்டும். தண்டோரா போட வேண்டும். தொண்டை நம்முடையது, சொல் நம்முடையதல்ல. தண்டோராவை நிறுத்தும்படி தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022இல்தான்.

தொண்டையும் சொல்லும் ஒருவரிடமே சேர்ந்தால் என்ன நடக்கும்? அதற்கு இந்த மாவட்டத்து மனிதர் ஒருவரே சான்று. ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27ஆம் நாள் பிறந்தவர் முனுசாமி. கோலார் தங்கவயல், வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகள் மடம் என்று அலைந்து, 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அவரைத்தான் சுவாமி சகஜானந்தர் என்று அறிவோம்.

1916இல் நம் பிள்ளைகளுக்கு அவர் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். நந்தனார் பெயரை வைத்தார். அந்தப் பெயரைச் சற்று யோசிக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார், தீயில் மூழ்கி எழுந்த பிறகே தில்லைக்குள் போக முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதைக்குள் வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தார். பக்திக் கதையில் பண்ணையடிமையின் துயரம் நுழைந்தது. அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனைப் பௌத்த மன்னன் என்றார். நந்தன் ஒருவன்தான். சொல்பவர் மாற மாற, அவன் பக்தன், பண்ணையாள், அரசன் என மாறுகிறான். சகஜானந்தர் நந்தனை வைத்துப் புதிய கதை எதையும் கட்டவில்லை. நெருப்பில் இறக்கியவன் பெயரில் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் ஏற்றினார். எங்களைக் கேட்டால், நந்தன் கதையின் மிகச் சிறந்த மறுசொல்லல் அந்தப் பள்ளிதான்.

அவர் பெரும் பேச்சாளர். 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனார். 1959 மே 1ஆம் நாள் மறைந்தபோதும் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார். மேடையில் பேசியது காற்றில் போயிருக்கலாம். அவையில் பேசியது அச்சில் நிற்கிறது. நம் குரல் அறிவிப்பாக இருந்த காலம் போய், அவைக்குறிப்பில் ஏறிய காலம் அது.

இப்போது மாணவர்களிடம் வருகிறோம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஆசிரியர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, கையை ஆட்டி ஒப்பிக்கிறீர்கள். பரிசும் வாங்குகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அடுத்தவர் எழுதிய சொல்லை நம் தொண்டையால் உரக்கச் சொல்வது தண்டோராவிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது? அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக் கதைக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். கனடாவின் கிட்சான், வெட்சுவெட்டென் பழங்குடியினர் தங்கள் நிலம் தங்களுடையது என்று வழக்காடியபோது, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைகளையும் பாடல்களையும் நீதிமன்றத்தில் வைத்தார்கள். கீழ் நீதிமன்றம் அவற்றுக்கு உரிய மதிப்புத் தரவில்லை. 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது.

நமக்கும் இது பொருந்தும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து வந்ததுதான் பஞ்சமி நிலம். அது எந்த ஊரில் எந்தக் கொல்லை, யார் கைக்குப் போனது என்பதைப் பல ஊர்களில் கிழவிகள்தான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சவ்வாது மலைப் பிள்ளைகளுக்கும் இருளர் பிள்ளைகளுக்கும் காட்டைப் பற்றி வீட்டில் கேட்ட கதைகள் உண்டு. அவையும் ஆவணங்களே.

ஆகவே தம்பி தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஆயாவிடம் உட்காருங்கள். "நம்ம கொல்லை எது ஆயா? எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த மேடையில் அதைப் பேசுங்கள். திக்கினாலும் பரவாயில்லை. தாழம்பூவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அது திக்கவே இல்லை.

ஜெய்பீம்.